மாரியின் எட்டுப் பாட்டு

பிப்ரவரி 4, செவ்வாய்

மகள் மாரி பாடிய எட்டுப் பாட்டையும் இன்று கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை.

நேற்றுப் பென் டிரைவைக் கையில் கொடுத்து, "நீங்கதான் ஃபர்ஸ்ட். கேட்டுட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள். கடையில் போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். கடைக்காரன் அழுவதை எவனாவது பார்த்தால் என்ன நினைப்பான்?

கடையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு ஏற்றச் சொல்லி எவன் மெமரி கார்டு கொடுத்தாலும் முதலில் அதில் இருப்பதை நம் பக்கம் எடுத்துக்கொள்வேன். பிறகுதான் அவன் கேட்டது. பதினேழு வருஷமாக அப்படிச் சேர்ந்ததுதான் இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனை பாட்டும். ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை.

பழக்கத்தில் கை செய்துவிட்டது என்று எழுதலாம். மாரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், இந்த நோட்டை அவள் தொடப்போவதில்லை. இங்கே எதற்குப் பொய்? யோசித்துத்தான் செய்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தேங்கிக் கிடந்த ஸ்பீக்கர் நகர்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு மெமரி கார்டு இலவசம், ஆயிரம் பாட்டு. தாராவியில் இதை ஆரம்பித்தவன் நான். பாண்டுப்பிலும் தாணேயிலும் உள்ள சின்னக் கடைகள் என்னிடம்தான் எடுக்கிறார்கள். இந்த முறை கார்டின் முதல் எட்டுப் பாட்டு மாரியுடையது. தாணேக்காரன் போன் செய்தான்: "அண்ணாச்சி, அந்தப் புதுப் பொண்ணு பாட்டு இருக்கே, அந்த கார்டுதான் வேணும். வேற தள்ளிராதீய."

அந்தப் பொண்ணு யார் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஐம்பது பீஸ் அனுப்பினேன்.

நாலு பேர் காதில் விழுந்தால் அவளுக்கு நல்லதுதானே? ஸ்பீக்கர் விற்றால் எனக்கு நல்லது. இரண்டையும் நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சென்னைக் கம்பெனி ஒன்று எட்டுப் பாட்டையும் எடுத்துக்கொள்கிறதாம். நாலு லட்சம். மாரி சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னாள். எதிரே அர்பாஸ். லேபர் கேம்ப் பகுதி ஜெயினுலாப்தீன் பாயின் மகன். மெட்டும் இசையும் அவன். செம்பூரில் ரெக்கார்டிங் ரூமுக்கு வாடகை கட்ட பைக்கை விற்றுவிட்டு ரயிலில் தொங்குகிறவன். என் மனைவி விஜயராணி இருவருக்கும் இன்னொரு மீன் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

கார்டு விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது, அங்கே வைத்துக் காட்டலாம் என்று மனசில் ஒரு கணக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

அம்மன் கொடை. எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

எழுதிவிடுகிறேன்.

மைக் செட் சொரிமுத்துவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்: மாரி பந்தலுக்குள் வந்ததும் அவள் பாட்டைப் போடு. மத்தியானம், பூஜைக்கு முன்னால், கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிக்காரர் எல்லோரும் இருக்கும் நேரம். அம்மாவும் மகளும் பூத்தட்டோடு வந்தார்கள். நாலு பெட்டியிலும் அவள் குரல். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏ, இது நம்ம பூலோகம் மவா பாட்டுல்லா" என்று யாரோ அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். எங்கள் நகரில் வரும் இட்லிக்காரன், "தினம் காலையில இதைப் போட்டுக்கிட்டுத்தாம்மா சைக்கிள் மிதிக்கேன்" என்றான்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், சிரிப்பு வரட்டும் என்று.

தட்டைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே சொரிமுத்துவிடம் போனாள்.

"இது உங்கட்ட எப்படிண்ணே வந்தது?"

"உங்கப்பா கார்டுதாம்மா. ரெண்டு மாசமா ஊரு பூரா ஓடுதே. உனக்குத் தெரியாதா?"

அவள் சத்தம் போடவில்லை. என் பக்கம் வந்து, "எத்தனை கார்டு?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். தொள்ளாயிரத்துச் சொச்சம்.

கொடையில் சாப்பிடாமலே போய்விட்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

சென்னைக் கம்பெனியின் பேப்பரில் ஒரு வரி இருக்கிறதாம்: இந்தப் பாட்டுகள் இதற்கு முன் எந்த வகையிலும் வெளியே போகவில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்?

"கையெழுத்தைப் போடு. தாராவி ஆட்டோல என்ன பாட்டு ஓடுதுன்னு சென்னைக்காரன் வந்து பாக்கப் போறானா" என்றேன். நல்ல புத்திதான் சொல்வதாக நினைத்தேன்.

"போட மாட்டேன்."

"ஏன்?"

"போட்டா நானும் உங்க கடைதான்ப்பா."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. அந்தக் கடையிலதான் உன் ஃபீஸ் கட்டினேன், அந்தப் பாட்டு வித்துத்தான் நீ காலேஜ் போனே, அப்ப இனிச்சுதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கல" என்றாள். "ஆனா இதை நான் உங்களுக்குக் கேக்கக் குடுத்தேன்ப்பா. கேக்க மட்டும். போதும், இதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

ஏப்ரல் 21, திங்கள்

கம்பெனிக்கு அவளே போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டாள். அப்பா என்று சொன்னாளா, யாரோ கடைக்காரன் என்று சொன்னாளா, தெரியவில்லை. அவர்கள் விலகிவிட்டார்கள்.

அர்பாஸைச் சாலையில் பார்த்தேன். திட்டுவான் என்று நின்றேன். சலாம் சொல்லிவிட்டு நடந்தான். திட்டியிருக்கலாம் அந்தப் பிள்ளை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாரி செம்பூரில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இரண்டு பை. ஒன்றையாவது டாக்ஸி வரை தூக்கி வருகிறேன் என்றேன். "வேண்டாம்ப்பா" என்றாள்.

ஏப்ரல் 28

போன் எடுக்கவில்லை.

மே 11, ஞாயிறு

இன்று பாண்டுப், பிறகு தாணே. கடை கடையாக ஏறி அந்த எட்டுப் பாட்டையும் அழிக்கச் சொன்னேன். தாணேக்காரன் டீ வாங்கித் தந்து சிரித்தான். "அண்ணாச்சி, நீங்க தந்த கார்டுலேர்ந்து நான் இருநூறு கார்டு போட்டாச்சு. அதை வாங்கினவன் எத்தனை போட்டானோ. யார் வீட்டுக்குப் போயி அழிக்க?"

திரும்பி வரும்போது சயான் சிக்னலில் ஒரு ஆட்டோவில் அவள் குரல். இறங்கிப் போய் டிரைவரிடம் அழித்துவிடு, இருநூறு ரூபாய் தருகிறேன் என்று இந்தியில் கெஞ்சினேன். அவன் தமிழில் பதில் சொன்னான்: "நம்ம பூலோகம் அண்ணாச்சிதானே? நீங்கதானே குடுத்தீய. நல்ல பாட்டு. நான் அழிக்க மாட்டேன்." பச்சை விழுந்தது.

நல்ல பாட்டு என்கிறான். அதைக் கேட்டும் சந்தோஷப்பட முடியவில்லையே, இது என்ன பிழைப்பு?

ஜூன் 3, செவ்வாய்

கடைக் கம்ப்யூட்டரில் எட்டையும் அழித்தேன். மிச்சம் இருப்பவை எண்ணிக்கையில் அடங்காது. கர்சரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றையும் எவனோ ஒரு அர்பாஸ் பைக்கை விற்றுத்தான் செய்திருப்பான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இது தோன்றவில்லை.

மற்றதை இன்று அழிக்கவில்லை. வாடகை இருக்கிறது. உள்ளதை எழுதுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

விஜயராணி செம்பூர் போய்விட்டு வந்தாள். மாரி மெலிந்திருக்கிறாளாம். ஒரு ஆபீஸில் வேலை, சாயங்காலம் பாட்டு. என்னைக் கேட்டாளா என்று கேட்டேன்.

"உங்க சுகர் மாத்திரையைக் கேட்டா. உங்களைக் கேக்கல."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இலவச கார்டை நிறுத்திவிட்டேன். மிச்சம் இருந்த பாட்டு எல்லாவற்றையும் அழித்தாயிற்று. ஸ்பீக்கர் வெறும் ஸ்பீக்கராகப் போகிறது. போகவில்லை என்றே சொல்ல வேண்டும். "பாட்டு இல்லாம பெட்டி எதுக்கு சேட்" என்று ஒருவன் எதிர்க்கடை நசீரிடம் போய்விட்டான். நசீர் இப்போது இரண்டாயிரம் பாட்டு தருகிறான்.

செப்டம்பர் 12, வெள்ளி

நசீர் கடையைத் தாண்டும்போது கூப்பிட்டான். "அண்ணாச்சி, உங்க மவ புதுப் பாட்டு வந்திருக்கு. அருமையா இருக்கு. போனைக் குடுங்க, ஏத்தித் தாரேன். உங்கட்டப் போயி காசா வாங்கப் போறேன்?"

"நீ எங்கே வாங்கினே?"

"வாங்கவா? வந்துச்சு."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அவனை என்ன சொல்வது? அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான்தானே. போடப் போனான். வேண்டாம்ப்பா, போடாதே என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். தெருமுனை வரை காதைப் பொத்திக்கொண்டு போன கிழவனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டில் விஜயராணியிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மாரியும் அர்பாஸும் கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே விற்கிறார்கள். ஒரு நம்பர் இருக்கிறது. அதற்குப் பணம் போட்டுவிட்டுப் பெயரை எழுதினால் போனுக்குப் பாட்டு வரும்.

"ஊருக்கெல்லாம் சும்மா அள்ளிக் குடுத்தீயள்ல. நீங்களாவது காசு குடுத்துக் கேளுங்க."

ஐயாயிரம் போட்டேன். பெயர்: பூலோகம், தாராவி.

செப்டம்பர் 13, சனி

பாட்டு வந்துவிட்டது. ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டுக் கேட்டேன். ஒரு தடவைதான். இரண்டாவது தடவை கேட்கத் தெம்பில்லை.

மத்தியானம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒரு ரூபாய் திரும்பி வந்தது. ஐந்து மாதத்தில் அவளிடமிருந்து வந்த முதல் செய்தியும் கூடவே வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "அப்பாவுக்குன்னு தனி ரேட் கிடையாது."

சரி என்று பதில் போட்டேன்.

பாட்டு ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது ரூபாய். ஒரு போனில் மட்டும். யாருக்கும் ஏற்றிக் கொடுக்கக் கூடாது.