பென்சில் கோட்டின் அகலம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நலம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இரண்டு நாட்டுக்காரர்களும் கடலைப் பங்குபோட உட்கார்ந்து பத்தொன்பது நாளாகிறது. அவர்கள் சொல்கிற இடத்தில் வரைபடத்தில் பென்சிலால் கோடு போடுவதுதான் என் வேலை. வாய் திறக்கக் கூடாது. நேற்று திறந்துவிட்டேன். கோடு முடிவாகி எல்லாரும் கைகுலுக்க எழுந்த நேரம், "ஐயா, இந்தக் கோட்டோட அகலமே கடல்ல அரை கிலோமீட்டர் வரும். அதுக்குள்ள வலை போடுறவன் எந்த நாட்டு ஆளு?" என்று கேட்டேன்.

எங்கள் தலைவர் முறைத்த முறைப்பில் பென்சில் முனையே உடைந்திருக்கும். ஆனால் எதிர்த்தரப்புத் தலைவர் சிரித்துவிட்டார். "பொண்ணு கேக்குறது நியாயம்தானே?" என்றார். மறுபடியும் உட்கார்ந்து மூன்று மணிநேரம் பேசி, கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஐந்து கிலோமீட்டருக்குள் சின்னப் படகுகளைப் பிடிப்பதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். என் வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை அப்பா. மீன் பிடிக்கப் போன உங்களை எல்லை தாண்டினீர்கள் என்று பதினோரு நாள் அடைத்துவைத்து அனுப்பினார்களே, அன்று நம் வீட்டு வாசலில் நின்று, "தண்ணியில கோடு எங்க தெரியுதும்மா?" என்று நீங்கள் கேட்டதுதான். அதற்கு நான் எப்படி நன்றி சொல்ல?

அம்மாவின் பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள். இங்கே போர்வை இரண்டு இருக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

தலைவர் கூப்பிடுகிறார், கோட்டை மையில் போட வேண்டும். இனி வலை கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துப்போனாலும், சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

உங்கள் மகள்