பின்னேரக் கையெழுத்து

ஏறாவூர்
20.07.2025

கேதீஸ்வரிக்கு,

வாட்ஸப்பில் எழுதாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். அதில் எழுதினால் உன் கணவர் அழிப்பார். இல்லாவிட்டால் நீயே அழித்துவிட்டு “எனக்கு ஒண்டும் வரல்ல” என்பாய். நீ வேலை பார்க்கும் கந்தோர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் கைக்கே வரும்.

ஜூன் பத்தொன்பதாம் திகதி நடந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் பயிற்சி வகுப்பு. விரிவுரையாளர் வராததால் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. பின்னேர வரவுக்கும் இப்போதே கையெழுத்து வைப்போம் என்றது நீ. உனக்கும் எனக்கும் ஆர்த்திகாவுக்கும் மூன்றையும் போட்டதும் நீ. நாங்கள் தடுக்கவில்லை, அது எங்கள் பிழை. பஸ் நிலையத்துக்கு என்றுதான் ஆட்டோ பிடித்தோம். வாவிக்கரையால் போகும்போது முன்னுக்கு எட்டி, “அண்ணன், பஸ் ஸ்ராண்ட் வேணாம், பாசிக்குடாவுக்கு விடுங்க” என்றது யார்? ஏறாவூரைத் தாண்டும்போது என் ஆட்கள் கண்டுவிடுவார்கள் என்று நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டிருந்தேன். “ஒருத்தரும் காணல்ல புள்ள, நிமிரு” என்று தொடையில் கிள்ளினாய். சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, “கல்யாணம் கட்டிப் பதினொரு வருஷம். இவ்வளவு கிட்டக் கிடக்கிற கடலுக்கு இண்டைக்குத்தான் வாறன்” என்று சிரித்தாய்.

ஆர்த்திகா போட்ட படம் கந்தோர் முழுக்கச் சுற்றியது. விளக்கம் கேட்டார்கள். மூன்று பேரும் உண்மையை எழுதுவோம் என்று உன் மேசையடியில்தானே பேசினோம்? அவள் எழுதினாள். நானும் எழுதினேன். நீ எழுதியதை விசாரணையன்று என் முன்னால் வைத்தார்கள். “திருமதி நஸீபா வற்புறுத்தியதால் செல்ல நேர்ந்தது. கையொப்பங்களையும் அவரே இட்டார்.”

நானும் ஆர்த்திகாவும் பேசிவைத்து எழுதினோம் என்றார்கள். ஆர்த்திகாவுக்கு எச்சரிக்கை. உனக்கு ஒன்றுமில்லை. எனக்கு வாகரைக்கு இடமாற்றம்.

அது போதாதென்று உன் கணவர் எங்கள் வாசலில் வந்து கத்தினார். மாமா பள்ளிவாசலால் வரும் நேரம். “உங்கட மருமகள அடக்கி வைங்க. என்ட பொஞ்சாதியக் கெடுக்கப் பாக்கா.” என் புருஷன் றிப்ஷான் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. மாமா இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு பஸ். போகும்போது மகள் நித்திரை. திரும்பி வந்து கையை நீட்டினால் மாமியின் மடியை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

ஏன் செய்தாய்?

நஸீபா

*

செங்கலடி
29.07.2025

அன்பின் நஸீபாவுக்கு,

உன் கடிதத்தைக் கந்தோர்க் கழிவறைக்குள் நின்றுதான் வாசித்தேன். நீ எழுதியதெல்லாம் உண்மை. உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

அவர் அந்தப் படத்தை முதலே கண்டுவிட்டார். ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்து, “ஆரு கூட்டிப்போன?” என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்றான். உன் பெயர் என் வாயில் வந்துவிட்டது. உன் பெயரைச் சொன்னால் அவர் மறுகேள்வி கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கந்தோருக்கு எழுதியதும் அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான். பேனா மட்டும்தான் நான் பிடித்தேன்.

உனக்கு நல்ல மனுசன் வாய்த்திருக்கிறார். நீ எப்படியும் சமாளிப்பாய். எனக்கு வீட்டையும் வேலையையும் விட்டால் போக்கிடம் இல்லை. வருட இறுதி இடமாற்றத்தில் நீ திரும்பி வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஐந்து மாதம்தானே, பொறுத்துக்கொள் நஸீ.

ஆர்த்திகாவிடம் பிள்ளைக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டிருக்கிறேன். அளவு சரியா என்று சொல்.

உன்,
கேதீஸ்

*

வாகரை
05.08.2025

கேதீஸ்வரிக்கு,

சட்டையைப் பிரிக்காமலே ஆர்த்திகாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் பெயரைச் சொன்னால் அவர் மறுகேள்வி கேட்கமாட்டாராம். ஏன் கேட்கமாட்டார்? அதை ஏன் எழுதாமல் விட்டாய்? நான் எழுதுகிறேன். நான் சோனகத்தி, முஸ்லிம். சோனகத்தி கெடுத்தாள் என்றால் உன் வீட்டில் அது நம்பக்கூடிய கதை. ஆர்த்திகாவின் பெயர் ஏன் உன் வாயில் வரவில்லை? அவளும்தானே ஆட்டோவில் இருந்தாள்?

நோன்புக் காலத்தில் எனக்கு முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு எட்டு வருஷமாகப் பைல் அறைக்குள் போய்ச் சாப்பிட்டவள் நீ. உன் மகன் பிறந்தபோது தாதி முதலில் என் கையில்தான் தந்தாள். உன் புருஷன் என்னைப்பற்றி வீட்டில் என்ன கதைப்பார் என்று உனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருநாளும் சொல்லவில்லை. தேவைப்பட்ட அன்று எடுத்துப் பாவித்தாய்.

வீட்டில் பயந்தாய், அது எனக்கு விளங்குகிறது. அவர் கையோங்கி நிற்கும்போது யாருக்கும் வாயில் எதுவும் வரும். ஆனால் அந்தக் கடதாசியைக் கொடுத்த பிறகும் ஒன்பது நாள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாயே! என் இடியப்பத்தில் பாதி எடுத்தாயே! “விசாரணையில என்ன கேப்பாங்களோ, பயமாக் கிடக்கு” என்று நான் சொன்னபோது, “ஒண்டும் நடக்காது புள்ள” என்று முதுகைத் தடவினாயே! அந்த ஒன்பது நாளில் உன் புருஷன் கந்தோரில் இருக்கவில்லை. அங்கே நீ மட்டும்தான் இருந்தாய்.

ஐந்து மாதம்தானே என்று எழுதியிருக்கிறாய். நீ வந்து ஒரு கிழமை இந்த பஸ்ஸில் ஏறிப் பார்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். பொய்யை எங்கே கொடுத்தாயோ அங்கேயே உண்மையை எழுதிக் கொடு. அதுவரை எனக்கு எழுதாதே.

நஸீபா

*

உன்னிச்சை
14.09.2025

நஸீபாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரதி இதோடு இருக்கிறது. நீ நம்பமாட்டாய் என்பதால் திகதி முத்திரையோடு எடுத்தேன்.

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை உன்மேல்தான் கோபமாக இருந்தேன். இவளுக்கு என்ன தெரியும், இவள் வீட்டில் கையோங்க ஆள் இல்லை என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே திரிந்தேன். கன்னம் வீங்கி வந்த நாட்களில் நீ “என்ன புள்ள?” என்று கேட்டாய். “கதவுல அடிபட்ட” என்றேன். நீயும் அதை நம்பினாய், அல்லது நம்பியதுபோல் விட்டாய். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஒன்பது நாளுக்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். இல்லை.

கடிதத்தை நிர்வாக உத்தியோகத்தரின் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தங்கச்சி, இதால உங்களுக்கு என்ன வரும் தெரியுமா?” என்றார். “ஓம் சேர், தெரியும்” என்றேன்.

வீட்டில் என் புருஷன் மதுரனிடமும் சொன்னேன். முதல் அடி விழுந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது, ஏன் என்று தெரியவில்லை. “என்ன ஒருத்தரும் கூட்டிப்போகல்ல. நான்தான் போனன். எனக்குப் போகணும் போல இருந்திச்சு, போனன்” என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். அதைச் சொன்னபோதுதான் விளங்கியது. உன்மேல் பொய் சொன்னேன், அதோடு பதினொரு வருஷத்தில் நானாகச் செய்த ஒரே காரியத்தையும் எனதில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மகனோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தி, ஒழுக்காற்று விசாரணை என்று கடிதம் வந்திருக்கிறது. வரட்டும். அவர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். மூன்றாம் தரம் வந்தால் போய்விடுவேனோ என்று எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது.

இதை நான் எழுதியது நீ இரங்க வேண்டும் என்றல்ல.

கேதீஸ்வரி

*

ஏறாவூர்
05.10.2025

கேதீஸ்வரிக்கு,

இடமாற்றம் ரத்தாகிவிட்டது. பதின்மூன்றாம் திகதி முதல் பழைய கந்தோருக்கு வருகிறேன். பிரதியை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “தேத்தண்ணி ஊத்து மகள்” என்றார். அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

என் கோபம் தீரவில்லை. அன்று உன்னைக் கண்டதும் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதே. வேலையைப்பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். வேறு கதை வேண்டாம். எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியாது. ஒருவேளை இப்படியே போய்விடும்.

கதவில் அடிபட்டது என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. ஒருநாளும் நம்பவில்லை. அடுத்தவள் குடும்பம், நமக்கேன் என்று விட்டேன். அது நான் செய்த பிழை. அதையும் உன்னுடைய பிழையையும் கூட்டிக் கழிக்க நான் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் மூன்றாம் தரம் வந்து, நீ போய், அங்கே மறுபடி கையோங்கினால், மகனையும் தூக்கிக்கொண்டு இங்கே வா. உன்னிச்சைக்கு பஸ் பார்த்துக்கொண்டு நிற்காதே, செங்கலடியில் இருந்து இது கிட்ட. றிப்ஷானிடம் சொல்லிவிட்டேன், மாமிக்கும் தெரியும். வாசலில் நின்று கூப்பிடாமல் நேரே உள்ளே வா.

வந்தாலும் உன்னோடு நான் கதைக்க மாட்டேன். சோறு போட்டு, பாய் விரித்துத் தருவேன்.

நஸீபா