இரண்டாம் முறை கட்டிய மல்லி

என் அஞ்சலை அக்காவுக்கு,

உங்களுக்குக் கடுதாசி எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த ஓரகத்திகள் நாம். உப்பு, புளி, ஊர்வம்பு எல்லாம் பேசினோம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசாமலே நீங்க போய்விட்டீங்க.

முதலில் வீட்டுச் சேதி சொல்கிறேன். நம் தேன்மொழிக்குப் பெண் குழந்தை. நீங்க கண்ணை மூடிய நாளில்தான் அவள் கள்ளக்குறிச்சியில் பிரசவ வார்டில் கிடந்தாள். குழந்தை பிறந்ததை உங்க காதில் சொன்னதாகவும், நீங்க கண்ணை அசைத்ததாகவும் மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்க வீட்டுக்காரர் பேச்சில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். நிஜமாகவே கேட்டதா அக்கா?

கருமாதி முடிகிற வரைக்கும் தாயையும் பிள்ளையையும் சம்பந்தி வீட்டில் வைத்திருந்து, பிறகுதான் கச்சிராயபாளையத்துக்கு அழைத்து வந்தோம். வந்ததிலிருந்து ஒன்று நடக்கிறது. குழந்தை வீறிட்டு அழும்போதெல்லாம், உங்க பக்கத்துக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எலியா இருக்கும்" என்றார். எலி எங்கேயாவது தாழ்ப்பாளைத் திறக்குமா?

எனக்குத் தெரியும் அது யார் என்று. என் மடியில் தேன்மொழி கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் அழுதால் நீங்க அப்படித்தான் எழுந்து போவீங்க. முந்தானையை மார்பு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளை விலக்கி, கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீங்க. ஊரார் அதைப் பார்த்து, "அவளுக்குக் கொழந்தன்னாலே ஆவாது, பாவம், பறிகொடுத்தவ இல்ல" என்று பேசினார்கள். அவர்கள் பேசியதை நீங்க மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

உங்களுக்குப் பால் தெளித்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் கரும்புக் கொல்லை ஓரத்தில், உங்க பையனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உங்களையும் வைத்திருந்தோம். சொம்பில் பாலோடு மாமா நின்றார். "புள்ளைங்க யாராவது இருந்தா முன்னால வாங்க" என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். "புள்ள ஏதுங்க அந்தம்மாவுக்கு, நீங்க ஊத்துங்க மாமா" என்று யாரோ சொன்னார்கள். மாமா தனியாக ஊற்றினார். அதற்கு முந்தின நாள் உங்களைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிய பிறகு, தலையில் வைக்கச் சொல்லி மல்லிகைச் சரத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தாளேன்னு பேரு, ஒரு பூ வெக்க மனசு வரல பாரு" என்று காதுபடவே சொன்னார்கள்.

உங்களுக்கு மல்லிகை வைக்க என் கை ஏன் வரவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவர் இரண்டே பேர். ஒருத்தர் அத்தை. அவர் போய் வெகுகாலம் ஆகிறது. இன்னொருத்தர் நீங்க.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. கள்ளக்குறிச்சி ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். டவுன் பஸ் இல்லை, மாட்டுவண்டிகூடப் போக முடியாது. போலீஸ் வந்து ஆம்பளைகளை அள்ளிக்கொண்டு போகிறது என்று பேச்சு கிளம்பியதும், மாமாவும் இவரும் கல்வராயன் மலை ஏறிப் போய்விட்டார்கள். வீட்டில் அத்தை, நீங்க, நான், பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத தேன்மொழி.

உங்க பையன் ஜன்னி கண்டு போனது அதற்குச் சற்று முன்புதான். குழந்தை போனது உடம்புக்குத் தெரியுமா? உங்களுக்குப் பால் சுரந்துகொண்டே இருந்தது. அதை வற்ற வைக்க, கொல்லைச் செடியிலிருந்து குண்டு மல்லியைப் பறித்து மார்பில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் அத்தை இறுக்கிக் கட்டிவிட்டார். நீங்க நடந்தால் வீடெல்லாம் மல்லிகை வாசம் அடிக்கும். கல்யாண வீட்டு வாசம். அந்த வாசத்தோடு நீங்க சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீங்க.

அந்த நேரம் பார்த்து எனக்கு இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. கல்லாக இறுகி, சிவந்து, தொட்டால் கொதித்தது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. "கட்டுன பாலு கெட்ட பாலு, அந்தப் பக்கம் குடுக்காத" என்றார் அத்தை. நானும் கொடுக்கவில்லை. கொடுக்கக் கொடுக்கத்தான் கட்டு கரையும் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. காய்ச்சல் ஏற ஏற வலது பக்கமும் பால் குறைந்து போனது. மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊற்றினோம். பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பால் பவுடர் டப்பா எந்தக் கடையிலும் இல்லை. அவள் அழுகை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது.

அத்தை பச்சிலை தேடி ஏரிக்கரைப் பக்கம் போயிருந்த மத்தியானம் நீங்க என் அறை வாசலில் வந்து நின்றீங்க. கட்டியிருந்த துணி முழுக்க நனைந்திருந்தது.

"குடு அவள."

"அத்த வாணாம்னு சொல்லியிருக்காங்கக்கா. புள்ளய வாரிக் குடுத்த மாரு, பச்சப் புள்ளைக்கு ஆவாதுன்னு…"

"அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இன்னாத்துக்கு அவள இப்படி அழவுட்டுக்கினு கெடக்குற? குடு சரோசா."

துணியைப் பிரித்தீங்க. வதங்கிப் பழுப்பேறிய மல்லிகைப் பூக்கள் உங்க மடியிலும் அவள் முகத்திலும் உதிர்ந்தன. அவள் கவ்விக்கொண்டாள். மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது. அதே நேரம் வயிறு எரிந்தது அக்கா. என் பிள்ளை இன்னொருத்தி மடியில் அவ்வளவு நிம்மதியாகக் கண்ணை மூடுகிறாளே என்று பொறாமையாகவும் இருந்தது. நீங்க அவளைக் குனிந்து பார்க்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீங்க. எந்தப் பிள்ளை உங்க மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டீங்க? கேட்க நினைத்தேன், கடைசி வரை கேட்கவில்லை.

அத்தை பச்சிலையோடு வந்து வாசற்படியில் நின்றார். ஒரு பேரனை மண்ணில் வைத்துவிட்டு, இன்னொன்றும் போய்விடுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்த மனுஷி. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்குச் சோற்றில் பால்சுறாக் கருவாட்டுக் குழம்பு. பால் ஊற, பிள்ளை பெற்றவளுக்கு என்று எனக்காக வாங்கி வைத்திருந்த கருவாடு. இருந்ததில் பெரிய துண்டை உங்க தட்டில் வைத்து, முகத்தைப் பார்க்காமல் "தின்னு" என்றார்.

மறியல் முடிந்து, மரங்களை அப்புறப்படுத்தி, எனக்குக் குணமாகும் வரைக்கும் தேன்மொழி உங்க பாலில்தான் இருந்தாள். கன்னம் திரண்டது. அழுகை பழையபடி பெரிதானது. ரோடு திறந்ததும் என்னைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சீழை அறுத்து எடுத்தார்கள். புண் ஆறி, எனக்கு மறுபடி பால் ஊறியது. ஆம்பளைகளும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"போதும். வெளிய தெரிய வாணாம். இன்னும் குடுத்துக்கினு இருந்தா உன்னால வுட முடியாது" என்றார் அத்தை உங்களிடம். நீங்களே கொல்லைக்குப் போய் மல்லியைப் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தீங்க.

"நீயே கட்டு சரோசா."

நான் மெதுவாகத்தான் கட்டினேன். "நல்லா இறுக்கு" என்றீங்க. "அவ அழுதா இது கேட்டுக்கினு கெடக்குது. கேக்காத மாதிரி கட்டு."

கட்டினேன் அக்கா. பையன் போன பிறகு அத்தை கட்டியது முதல் தடவை. தேன்மொழி உயிரோடு இருக்கும்போதே நான் கட்டியது இரண்டாம் தடவை. முடிச்சுப் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட எப்பவும் சொல்லாத. அவளுக்கு அம்மா நீ ஒருத்தி போதும்" என்றீங்க. சரி என்றேன். அதற்குப் பிறகு உங்களுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நானும் அதற்குப் பிறகு மல்லிகை வைத்துக்கொள்ளவில்லை.

வயசான பிறகும் உங்க மார்பு கேட்பதை நிறுத்தவில்லை, இல்லையா? திருக்கோவிலூருக்குப் பஸ்ஸில் போகும்போது பின் சீட்டில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. தலை முழுக்க நரைத்த நீங்க, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டீங்க. நான் ஜன்னல் பக்கம் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

இப்போது தேன்மொழிக்கும் அதே வலி, அதே இடது பக்கம். இந்தக் காலத்து நர்ஸ் விவரமாகச் சொல்கிறாள். வலிக்கிற பக்கமும் கொடுக்க வேண்டுமாம், அந்தப் பால் கெடுதல் இல்லையாம், குடித்து மிஞ்சி வலித்தால் மெதுவாகப் பீய்ச்சி எடுக்க வேண்டுமாம். காய்ச்சலுக்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளையை வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறாள். பார்க்க மனசு கேட்காமல் சம்பந்தியம்மா நேற்று மார்க்கெட்டிலிருந்து ஒரு பந்து மல்லி வாங்கி வந்தார். "வெச்சிக் கட்டிக்கினா வலி அடங்கிடும்மா" என்றார்.

அந்த வாசம் மூக்கில் பட்டதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். "வலியும் அடங்கும், பாலும் அடங்கும். என் பொண்ணு மாருல இத எவளும் கட்டக் கூடாது" என்று கத்தினேன். சம்பந்தியம்மா அரண்டு போய்விட்டார். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. கொல்லைத் தாழ்ப்பாள் விலகியது.

"இன்னாம்மா ஆச்சு உனக்கு?" என்றாள் தேன்மொழி. சம்பந்தியம்மா கிளம்பிப் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. நீங்க கோபித்துக்கொண்டாலும் சரி, சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப பெரிம்மாவுக்குப் பால் ஊத்தனது யாரும்மா?" என்று கேட்டாள். "உங்க பெரியப்பா மட்டுந்தான்" என்றேன். "புள்ள இல்லன்னு சொல்லிட்டாங்களா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

இன்றைக்குக் காலையில் குழந்தை வயிறு முட்டக் குடித்துத் தூங்கிய பிறகு, மிஞ்சிய பாலை வலியோடு பீய்ச்சினாள். பீய்ச்சிய பாலைக் கால்படாத இடமாகப் பார்த்துத் தென்னை மரத்தடியில் ஊற்றுவது என் வேலை. கை நீட்டினேன். டம்ளரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரி அங்கல்லாம் போவக்கூடாதுன்னு சொல்லுவீங்க. நான் வரல. இது போவலாமில்ல?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன் அக்கா. அந்த டம்ளரைத் தட்டு போட்டு மூடி, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வெயில் தாழ்ந்ததும் கரும்புக் கொல்லைக்கு எடுத்து வருகிறேன். உங்க பெண் கொடுத்தனுப்பியது என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஊற்றுவேன். வருஷத் திதிக்கு அவளே வந்து எல்லோர் முன்னாலும் நிற்பாள். "புள்ள ஏது" என்று எவன் கேட்கிறான், பார்த்துவிடுகிறேன்.

நீங்க எனக்காக ஒன்று செய்யுங்க. இனிமேல் குழந்தை அழுதால் கொல்லைப் பக்கம் போக வேண்டாம். தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே வாங்க.

உங்கள் ஓரகத்தி,
உங்கள் மகளைப் பெற்றவள்,
சரோஜா