படிவத்தின் முதல் கேள்வி

12.3.1994

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

இருக்கிறாயா, இல்லை நூலக அலமாரியில் உன்னையும் அடுக்கிவிட்டார்களா? ஆறு மாதமாக ஒரு வரி இல்லை. விடுதி அறையில் நான்கு வருடம் என் குறட்டையைச் சகித்தவளுக்கு இப்போது என்னடி கோபம்?

தீப்புண் களிம்பு பற்றிய என் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். மதிப்பீட்டுக்கு யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். உன் பெயரைக் கொடுத்தேன். நல்லதாக நாலு வரி எழுதிவிடு. இது வெளிவந்தால்தான் எனக்கு வேலை நிரந்தரம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் பூசணி


2.4.1994

அன்புப் பூசணி,

உன் கடிதத்தைச் சத்தம் போட்டு வாசித்தேன். இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டு நாளாயிற்று.

கட்டுரையும் வந்தது. கூட வந்த படிவத்தில் முதல் கேள்வியே, "கட்டுரையாளரோடு உங்களுக்கு உறவு உண்டா, இல்லையா?" உண்டு என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். வேறொருவர் பார்ப்பார். திட்டாதே.

அதற்குள் களிம்பைப் பூசிப் பார்த்தவர்களின் அட்டவணை கண்ணில் பட்டுவிட்டது. "பதினோரு பேர் எரிச்சல் தாங்காம பாதியிலயே போயிட்டாங்கடி" என்று போன வருடம் போனில் நீதானே சொன்னாய்? அவர்களைக் காணோமே. சேர்த்துவிடு. அதை நம்பி எங்கோ ஒரு நர்ஸ் ஒரு குழந்தையின் கையில் அந்தக் களிம்பைத் தடவுவாள்.

உன் ஒட்டடைக்குச்சி


20.7.1994

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. பாதியில் போனவர்கள் எங்கே என்று அதை மதிப்பிட்ட, முகம் தெரியாத அந்த மனிதரும் கேட்டிருக்கிறார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அவர் அந்நியர், கேட்டார். நீங்களுமா?

இனி நமக்குள் எந்த உறவும் இல்லை. அடுத்த முறை கேட்டால் "இல்லை" என்றே குறிக்கலாம். பொய்யாகாது.

இப்படிக்கு,
கட்டுரையாளர்


9.11.1996

அன்புப் பூசணி,

நான் போட்ட ஏழு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே எனக்குக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

நேற்று மட்டும் வாசலில் நின்றார். தடித்த உறை. உன் கட்டுரை! இந்த முறை இதழ்க்காரர்களே என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய்: ஐம்பது பேர் வந்தார்கள், பதினோரு பேர் எரிச்சலால் விலகினார்கள். அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். அழுகை வந்துவிட்டதடி.

அடியில் அதே படிவம், அதே கேள்வி. இரண்டு வருடமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை, போன் இல்லை. "இல்லை" என்று குறித்தால் யாரும் குறை சொல்ல முடியாது. நீயே அனுமதி கொடுத்திருக்கிறாய். குறித்திருந்தால் இரண்டு பக்கம் மனதாரப் பாராட்டி எழுதியிருப்பேன்.

உண்டு என்று குறித்து, இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

உன் ஒட்டடைக்குச்சி