கம்பிக்கு வெளியே பூத்த அமரில்லிஸ்

நீ கொடுத்த அமரில்லிஸ் பூத்துவிட்டதடி. ஆனால் தண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நீண்டு, வெளியே போய்ச் சிவப்பாக நாலு பூ விரித்திருக்கிறது. தொட்டியை உள்ளே இழுத்தால் பூ போய்விடும்.

தொட்டியைத் தினமும் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னாய். "இல்லேன்னா வெளிச்சத்தைப் பாத்து ஓடிடும்டி." இவரைத் திருப்பிப் படுக்க வைப்பதற்கே என் இடுப்பு விட்டுப்போகிறது, தொட்டியை யார் திருப்புவது?

பக்கவாதத்தில் இவர் விழுந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எதிர்வீட்டிலிருந்து நீ வந்துவிடுவாய். "உங்க சாமியைப் போய்ப் பாரு. உங்க வீட்டு சாமியை நான் பாத்துக்கறேன்" என்று விரட்டுவாய். நான் மாடம்பாக்கம் கோயில்வரை நடந்துவிட்டு, வழியில் ஒரு காபியும் குடித்துவிட்டு வருவேன்.

போன ஈஸ்டருக்கு வெங்காயம் மாதிரி இந்தக் கிழங்கைக் கொண்டுவந்தாய். "சாம்பார்ல போட்டுடாதே, விஷம்!" பாதியை மண்ணுக்கு மேலே விட்டு நட்டாய். "முழுசாப் புதைச்சா அழுகிடும். கழுத்து வெளியே இருக்கணும்."

அப்புறம் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். மாரடைப்பு வர உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா, பாவி? இவரை விட்டுவிட்டு உன் அடக்கத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லை. அன்றிலிருந்து தெருவை இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். "யாரையாவது கூப்பிடுடி, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பாய். எனக்குக் கேட்க வாய் வராது. உன்னிடமே நான் கேட்டதில்லை, நீயாகத்தான் வந்தாய்.

இன்று காலை, கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் துணி உலர்த்திக்கொண்டே அண்ணாந்து கத்தினாள். "அக்கா, இன்னா பூ அது? சூப்பரா கீது!"

"அமரில்லிஸ். மேல வந்து பாரேன்."

"இங்கேர்ந்தே நல்லா தெரியுதுக்கா."

வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன். "ஒரு மணி நேரம் எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காருவியாம்மா? படுத்த படுக்கையா இருக்கார். நான் வெளியே போயி ரொம்ப நாளாச்சு."

அவள் நின்று, வாளியைக் கீழே வைத்தாள். பிறகு, "சோறு வடிச்சிட்டு வரேன்க்கா" என்றாள்.

வருவாளா, தெரியாது. செருப்பைத் தேடியெடுத்து வாசலில் போட்டு வைத்திருக்கிறேன். வந்தாளானால் இன்றைக்குக் கோயிலுக்கு இல்லை, ஆட்டோ பிடித்து உன் கல்லறைக்குத்தான் வருகிறேன். வெறுங்கையோடு வந்தேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பூவை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. வெளியே போனது வெளியிலேயே இருக்கட்டும்.