கரண்டியா, பம்பா

சிஸ்டரம்மா,

நேற்று காலை உங்கள் வண்டியைப் பட்டறை மேட்டில் ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்து, இஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன். கடைசி போல்ட்டு விட்டதும் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கரிந்த இஞ்சின் ஆயில் வாசனை இல்லை. விளக்கெண்ணெய். அதுவும் புதிதாக ஊற்றினது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. வண்டி அத்தனை நாளும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கோணி போர்த்திக் கிடந்தது. ஓடாத வண்டிக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள் என்று படுத்தபடியே யோசித்தேன்.

உங்கள் இடத்துக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து வேறு ஒரு சிஸ்டர் வந்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும், கறாரான ஆள். "மேஸ்திரி, மழைக்கு முன்னாடி இந்த வண்டி ஓடணும். கரண்டி கிரண்டியெல்லாம் வேணாம். பம்பு வெச்சி, மீட்டரு வெச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் இப்போது தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கிறார்கள், லாரி வேலை குவிகிறது. எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இந்தக் கிழட்டு இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டி விஷயத்தில் உங்களைக் கேட்காமல் நான் எதையும் செய்ததில்லை. பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். பதில் வராது என்பதால்தான் எழுத முடிகிறதோ, என்னவோ.

சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் இந்த வண்டியை உங்களிடம் விட்டுப் போன அன்று, இஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். கவுன் முனையை இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தீர்கள். வெள்ளைக்காரன் காலத்து இஞ்சின். இப்போதைய வண்டிகள் மாதிரி எண்ணெயைப் பம்பால் அழுத்தி ஒவ்வொரு பேரிங்குக்கும் அனுப்புகிற ஏற்பாடு அதில் கிடையாது. சுற்றுகிற ஒவ்வொரு ராடுக்கும் அடியில் ஒரு சின்னக் கரண்டி. அது தொட்டியில் முங்கி எண்ணெயை அள்ளி மேலே தெளிக்கும். அவ்வளவுதான்.

"இன்னா மேஸ்திரி, நம்ம ஊட்ல கொழம்பு ஊத்திக்கிற மாதிரி அள்ளி ஊத்திக்கிதா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்தீர்கள். ஏர் ஓட்டிய கூலிக்காரர் மகள், நர்ஸ் படித்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஏரிக்கரைக் குப்பங்களுக்கெல்லாம் ஒற்றை ஆளாகப் போய் வந்துகொண்டிருந்தீர்கள். படகில் வரும் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கரையில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போவீர்கள். வழியில் ஊர்ப் பெரியவர்களே வண்டிக்கு ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு உங்கள் மேல் மரியாதையும் பயமும் சரிபாதி.

வண்டிக்கு விளக்கெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வண்டி பட்டறையில் நிற்கும்போது குப்பத்துப் பெரியம்மா ஒருத்தி வந்தாள். இடுப்பிலிருந்து சீசாவை எடுத்து, சங்கில் விளக்கெண்ணெய் வார்த்து, மூடியைத் திறக்கச் சொல்லி இஞ்சினுக்குள் ஊற்றினாள். "புள்ள நல்லபடியா வந்துச்சி. வண்டிக்கு ஊத்திட்டுப் போறேன் நைனா" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா இது, வண்டியா, கோயில் வெளக்கா?" என்று கத்தினேன். நீங்கள் உள்ளேயிருந்து வந்து, "ஒரு சங்குதான மேஸ்திரி. இன்னா கெட்டுப்போவுது? வுடு" என்றீர்கள். பிறகு மாதத்துக்கு நாலு பேர், ஐந்து பேர். படித்த நீங்களே இதற்குத் துணை போகிறீர்களே என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன்.

பம்பு ஆசையை என் தலையில் ஏற்றியது சோழவரம். பழைய விமான ஓடுதளத்தில் கார், மோட்டார்சைக்கிள் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். பந்தய வண்டிகள் விட்ட புகையில் அதே விளக்கெண்ணெய் வாசனை! மெட்ராஸ் மெக்கானிக் ஒருவரைக் கேட்டேன். "அதுக்கு மேல எண்ண கெடையாதுபா. ஆனா மத்த எண்ணயோட கலக்காத, கோந்தாயிடும்" என்றார். நம் வண்டியின் கரண்டியைப் பற்றிச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒருநாள் ரோட்டுல நிக்கும் பாரு" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்துவிட்டது. கோந்து என்று அவர் சொன்னது மட்டும் ஒரு காதில் வாங்கி மறு காதில் போய்விட்டது.

உடைசலுக்குப் போன லாரியின் பம்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே சுற்றினேன். "மீட்டரு இன்னா சொல்லும்?" என்று கேட்டீர்கள். "எண்ண ஓட்டம் எவ்ளோன்னு சொல்லும். உங்க பிரஷர் மிஷின் மாதிரிதாம்மா" என்றேன். "பிரஷர் நல்லா இருக்க சொல்லவே போனவங்கள நான் பாத்திருக்கேன் மேஸ்திரி" என்றீர்கள். இரண்டு மாதம் பிடிகொடுக்கவில்லை. ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில், "பிள்ளத்தாய்ச்சிய ஏத்திக்கினு போவ சொல்ல வண்டி நின்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "உன் இஷ்டம். ஆனா வெள்ளிக்கெழம வண்டி எனக்கு வோணும். குப்பத்துல ஒருத்திக்கு நாள் நெருங்கிடுச்சி" என்றீர்கள்.

ராடுகளைத் தாங்கிச் சுற்றுகிற கிராங்குத் தண்டில் பொடி ஓட்டைகள் போட்டால்தான் பம்பு தள்ளுகிற எண்ணெய் பேரிங்குக்குப் போகும். ஓட்டை போட்டபின் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கம்பியில் துணி சுற்றிக் குத்தி, இரும்புப் பிசிறு இல்லாமல் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை அவசரத்தில் எல்லா ஓட்டையையும் குத்தினேனா, கடைசி ஒன்றை விட்டேனா? சத்தியமாக ஞாபகம் இல்லை. குத்தினதாகவும் நினைவு வருகிறது, குத்தாததாகவும் வருகிறது.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், கவரைப்பேட்டை தாண்டி, தச்சூர் கூட்டு ரோட்டுக்கு முன்னால் இஞ்சின் இறுகிப்போய் வண்டி நின்றுவிட்டது. மீட்டர் முள் விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பின் சீட்டில் அலறியவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள். நல்லவேளை, செங்கல் லாரி ஒன்று வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வண்டி, மாடு கட்டி இழுத்து என் பட்டறைக்கு வந்தது.

தனியாகத்தான் திறந்தேன். பம்புக்கு எண்ணெய் வடிகட்டுகிற சல்லடை முழுக்கப் பழுப்புக் கோந்து. கிராங்கில் கடைசி ஓட்டை அடைத்துக் கிடந்தது. குத்தி எடுத்தால், கோந்துக்குள் மினுமினுவென்று பொடி. அது தேய்ந்துபோன பேரிங்கின் ஈயப் பொடியாகவும் இருக்கலாம். நான் எடுக்காமல் விட்ட இரும்புப் பிசிறாகவும் இருக்கலாம். ஈயம் என்றால் எண்ணெய் மேல் குற்றம், இரும்பு என்றால் என் மேல். காந்தத்தைக் காட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். காந்தம் மேசை மேலேயே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் போட்டேன்.

நீங்கள் வந்து, "இன்னா ஆச்சி மேஸ்திரி?" என்று கேட்டீர்கள்.

"உங்க வௌக்கெண்ணதான் சிஸ்டரம்மா. கோந்தாயி அடச்சிக்கினுது."

பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்றுதான் சொன்னீர்கள். "மூணு நாள் புள்ள வாயில சங்க வெச்சி ஊத்தறாங்க மேஸ்திரி. அது மூச்சுல பூந்துடுது. வேணாம்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்டாங்க. புள்ளைக்குன்னு காச்சி வெச்சத இன்னா பண்றதுன்னு கேக்கறாங்க. வண்டிக்கு ஊத்துங்கடி, புள்ளய சொமந்துக்கினு வந்த வண்டிதான, அது குடிச்சா புள்ள குடிச்சா மாதிரின்னு சொல்லி வெச்சேன். அதுக்கு மட்டும் கேட்டுக்கினாங்க."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எண்ணெயாகவும் இருக்கலாம், என் கைத்தப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை போதும். "ரோட்டுல நின்னா ரெண்டு உசுரு போவும். இனிமே வண்டிக்கு ஊத்தாதீங்கன்னு சொல்லிடறேன்" என்று எழுந்தீர்கள். நான் தலையாட்டினேன். பம்பையே மறுபடி பூட்டிக் கொடுத்தேன். ஓட்டைகளை இந்த முறை ஒன்றுக்கு மூன்று தடவை குத்திப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தீர்கள். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "பம்பக் கழட்டிடு மேஸ்திரி. கரண்டியவே மாட்டு. மறுபடி ஊத்தச் சொல்லப்போறேன்" என்றீர்கள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. பஜாரில் மீன் விற்கிறவள்தான் பிறகு சொன்னாள். குப்பத்தில், வண்டிக்குப் போகாத எண்ணெயை ஒன்பது நாள் பிள்ளைக்குச் சங்கில் ஊற்றியிருக்கிறார்கள். மூச்சு முட்டியதும் நீங்கள்தான் பொன்னேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களாம். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லையாம். போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டதாம்.

அதற்கப்புறம் உங்கள் கடைசி நாள் வரை கரண்டிதான். பெண்கள் ஊற்றினார்கள், நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழற்றிக் கோந்தைச் சுரண்டினேன். "இன்னா மேஸ்திரி, சொந்த வண்டி மாதிரி பாக்கற? பேஜாரு புடிச்ச வேலையாச்சே" என்று கிண்டல் செய்வீர்கள். நானும் சிரித்துவைப்பேன். ஒருமுறைகூட வண்டி ரோட்டில் நிற்கவில்லை. அப்படியென்றால் அன்று அடைத்தது எண்ணெய்தானா? இல்லை, கோந்து கோந்தாகவே இருக்க, என் பிசிறுதான் அதைப் பிடித்து நிறுத்தியதா? நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று பன்னிரண்டு வருஷம் சுற்றிவிட்டேன். சில நாள் நான் நிரபராதி. சில நாள் சோறு இறங்காது.

இன்று காலை ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கேட்டேன். குப்பத்துப் பெண்கள் இன்னும் வருகிறார்களாம். கோணியை விலக்கி, மூடியைத் திறந்து, ஊற்றிவிட்டு, மறுபடி போர்த்திவிட்டுப் போகிறார்களாம். நீங்கள் இல்லை, வண்டியும் ஓடவில்லை, ஆனாலும் வருகிறார்கள். நான் பம்பு வைத்தால் இதை நிறுத்தச் சொல்ல வேண்டும். புது சிஸ்டர் பேசிப் புரியவைத்துவிடுவாரோ என்னவோ, நன்றாகப் பேசுகிறார். காலமும் மாறித்தான் இருக்கிறது. வைக்காமல் விட்டு, மழையில் வண்டி நின்றால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளையின் முகம்தான் தெரிகிறது.

மத்தியானம் புது சிஸ்டரே வந்தார். நீங்கள் செய்துவைத்திருந்த ஏற்பாட்டைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "முன்ன வெச்ச பம்பு ஏன் நின்னுச்சி? இந்த எண்ணயாலதான?" என்றார்.

"தெரியாதும்மா. என் இரும்புப் பிசுறா கூட இருக்கலாம். காந்தம் வெச்சிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பயம்."

"அந்த சிஸ்டருக்குத் தெரியுமா?"

"சொல்லலம்மா."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தொட்டியில் விரலை விட்டு, எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு, "கரண்டியே இருக்கட்டும். ஊத்தற பொம்பளைங்க வந்தா எங்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்குத் தொட்டியை மாட்டிவிடுவேன். மழைக்கு முன் வண்டி ஓடும். ஆனால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை, நேற்று முளைத்த ஒருவரிடம் சொல்லிவிட்டு நிற்கிறேன். நான் உங்களிடம் சொன்னது பொய்யா, நிஜமா என்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்பது மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லையாம், சிஸ்டரம்மா. இருந்திருந்தால் இப்போது பன்னிரண்டு வயது.