வேப்பிலை கட்டிய வீடு

செம்மண்டலம்,
புதன்கிழமை

அன்புள்ள ரேகாவுக்கு,

அருள்மொழி எழுதுவது. நீயும் உன்னவர் ராபர்ட் அண்ணனும் நலமாக இருப்பீர்கள். என் நலத்தைப் பற்றி நீ கேள்விப்பட்டது பொய். எனக்கு அம்மை போடவில்லை. உடம்பில் ஒரு முத்துகூட இல்லை.

நேற்று நீ வந்தாய். மாடி அறையில் அடைந்து கிடந்தாலும் உன் ஸ்கூட்டி சத்தம் எனக்குத் தெரியாதா? வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாய். "அம்மா எறங்கட்டும், அப்புறமா வந்து பாக்கறேன் அத்தை" என்று என் மாமியாரிடம் சொல்லி, இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனாய். நான் கதவைத் தட்டினேன், தொண்டை கிழியக் கத்தினேன். கீழே அம்மன் பாட்டை இன்னும் உரக்க வைத்தார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், வேப்பிலைக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பாய் என்று நான் நினைக்கவில்லையடி. அந்த இளநீரைக் குடிக்கும்போது உன்மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

நடந்தது இதுதான். போன வாரம் காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் எங்கள் ரைஸ் மில்லிலிருந்து திரும்பினோம். கார் ஓட்டியவர் என் கணவரின் அண்ணன் தேவநாதன். பின் சீட்டில் நான் மட்டும். சேத்தியாத்தோப்பு தாண்டி, சைக்கிளில் போன ஒரு பெரியவரை இடித்துத் தள்ளினார். நிறுத்தச் சொல்லி நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. பெரியவர் இறந்துபோன செய்தி மறுநாள் பேப்பரில் வந்தது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நேராக அண்ணனிடம் போய் ஒப்பித்துவிட்டார். அன்றைக்கே என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, மாடி அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள்.

ஹாஸ்டலில் உன் லேப்டாப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோமே, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அறைக்குள் நடக்குமே, நினைவிருக்கிறதா? அடைபட்டவள் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள், வெளியே ஆட்கள் பேசிக்கொண்டே போவார்கள். "கத்தித் தொலையேன்டி" என்று நீ திரையைத் திட்டினாய். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கொட்டாவி விட்டேன். இப்போது தெரிகிறது. படியில் ஏறுவது யார் என்று காலடியிலேயே சொல்லிவிடுவேன். மாமியார் என்றால் மூச்சு வாங்கும். என் வீட்டுக்காரர் பாதிப் படியில் நின்று திரும்பிவிடுவார், கோழை. தேவநாதன் ஏறினால் நானும் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்கிறேன். படத்தில் அவளைப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டை உடைக்க யாராவது வரலாம். வேப்பிலையைத் தாண்டி யார் வருவார்கள், சொல்?

மாமியாருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் பொய்யாகக் கட்டிய வேப்பிலைக்கே பயந்து சாகிறார். வீட்டில் தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. "ஆத்தா பேர சொல்லி ஏமாத்தறோமே, நெசமாவே வந்துட்டா என்னாடா பண்ணுவ" என்று இன்று கீழே அழுதார். அதற்கு தேவநாதன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்துனா ஊரே பாக்க வரும். சனிக்கெழமயே மில்லுக்குக் கொண்டுபோயிடலாம். ஏரிக் காத்து ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மில்லுக்குப் பின்னால் வீராணம் ஏரி, ரேகா. எனக்கு நீச்சல் தெரியாது என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் அப்போது கீழேதான் இருந்தார்.

என் ஜன்னல் பின்பக்கத்துக் காலி மனையைப் பார்த்து இருக்கிறது. அங்கே ஒரு வேப்பமரம். பக்கத்துத் தெரு மங்கலம் அக்கா தினமும் வந்து இந்த வீட்டுக்கு இலை பறித்துக் கொடுக்கிறாள். இன்று மெல்லக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தவள், "எங்க தாயி, மூஞ்சியில ஒரு முத்துகூடக் காணும்?" என்றாள். சொன்னேன். அவள் புருஷன் இவர்கள் மில்லில் வேலை செய்கிறான், அதனால் வாய் திறக்கப் பயப்படுகிறாள். "நாளைக்கு சிதம்பரத்துல எம்மவ வூட்டுக்குப் போறேன். லெட்டரு குடுத்தா போற வழியில ஒன் சிநேகிதி வூட்டுல சேத்துடறேன். வேற எதுவும் கேக்காத தாயி" என்றாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமையே வா. தனியாக வராதே, ராபர்ட் அண்ணனையும் அழைத்து வா. போலீசோடு வந்தாலும் நல்லதுதான், ஆனால் வேப்பிலையைப் பார்த்தால் அவர்களும் தயங்குவார்கள். அதனால் நான் சொல்வதைச் செய். வஞ்சிரம் மீனை மசாலா தடவி வறுத்துச் சூடாக எடுத்து வா. கேட்டில் நிற்காதே. செருப்போடு நடுவீட்டுக்குள் வந்து பொட்டலத்தைப் பிரி. மாமியார் போடுகிற கூச்சலில் தெருவே கூடிவிடும். அம்மை வீட்டில் மீனா என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், அம்மை போட்டவளைக் காட்டச் சொல். அதற்குமேல் என் முகம் பேசிக்கொள்ளும்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். சாமிக்குத்தம் ஆகுமோ என்று நீ பயப்படாதே. மாரியாத்தா இந்த வீட்டுக்கு வரவே இல்லை. நீயாவது வா.

உன் ஸ்கூட்டி சத்தத்துக்குக் காது கொடுத்தபடி,
அருள்மொழி